கைவைக்காதே அண்ணாவும் ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணமும்

இந்த உலகத்தில் எதையும் மாற்றாமலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியும் என்று நம்பிய ஒரே மனிதர், டெல்லி ஓக்லாவில் நான் வேலை பார்த்த ஆபீசின் இரண்டாவது மாடியில், ஏ.சி. காற்று நேராக உச்சந்தலையில் இறங்கும் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த ஏ.சி.யின் திசையைக்கூட அவர் மாற்றச் சொல்லவில்லை. ஒரு மங்கி குல்லாய் வாங்கி மாட்டிக்கொண்டார். ஜூன் மாதத்தில் மங்கி குல்லாயோடு ஒரு மனிதர் டெல்லியில் திரிந்தார் என்றால் அது அவராகத்தான் இருக்கும்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். யாராவது எதையாவது தொடப் போனால் ‘கைவெக்காதீங்க!’ என்று பதறுவார். அதனால் தமிழ் பேசும் எங்கள் நாலைந்து பேருக்கு அவர் கைவைக்காதே அண்ணா. அதையே ஹிந்தியில் சொல்லப் பழகியிருந்ததால் மற்றவர்களுக்கு ‘மத் ச்சேடோ ஜி’. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். டெல்லிக்கு வந்து பல வருஷம் ஆகியும் அவருடைய ‘ங்க’வில் ஒரு ‘ங்க’கூடக் குறையவில்லை.

நான் பிறந்ததே டெல்லியில். சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்தான் எனக்குச் சொந்த ஊர். அம்மா பாளையங்கோட்டையிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். நைட் டியூட்டி முடிந்து வந்த கண்ணோடு எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தாள். அவள் திட்டும் தமிழைப் புரிந்துகொள்ளவாவது நான் கற்றாக வேண்டியிருந்தது. இந்தத் தமிழை வைத்துக்கொண்டு அண்ணாவிடம் ஒரு கேள்விக்குப் பதில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

“அண்ணா, இன்னைக்கு என்ன கிழமை?”

“தேதி குடுங்க அம்மிணி, கிழமை சொல்றேன்.”

“தேதி தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வர்றேன்? பின்னாடி காலண்டர் தொங்குது. திரும்பிப் பாத்துச் சொல்லுங்களேன்!”

“அதெப்படீங்க? நீங்க கையில குடுத்ததை வெச்சுத்தான் நான் பதில் சொல்லோணும். செவுத்தைப் பாத்துச் சொன்னா இன்னைக்கு ஒண்ணு சொல்லுவேன், நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுவேன். அப்புறம் என்ற பேச்சை எப்படி நம்புவீங்க?”

கோபத்தில் நான் கத்துவேன். அவர் குல்லாயைச் சரிசெய்துகொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிடுவார். அவர் எழுதும் புரோகிராமும் அவரைப் போலவேதான் நடந்துகொள்ளும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று அதற்குப் பெயர். சின்னச் சின்னதாக எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. அது அக்கம்பக்கம் எட்டிப் பார்க்காது. நாம் கொடுத்ததை வாங்கி, அதைக் கெடுக்காமல், புதிதாக ஒன்றைச் செய்து கையில் தரும். அதே சரக்கை நாளைக்குக் கொடுத்தாலும் அதே விடைதான். மனிதர்களில் இப்படி யாரும் கிடையாது, இவரைத் தவிர.

இதில் என்ன பெரிய லாபம் என்று எனக்கும் என் அம்மாவுக்கும் புரியவைத்தது ஒரு சாம்பார். மயூர் விஹாரில் அண்ணா இரண்டு தமிழ்ப் பையன்களோடு ஒரு ஃபிளாட்டில் இருந்தார். நானும் அம்மாவும் அதே பேட்டையில், அம்மா ரிட்டயரானதும் வாங்கிய ஃபிளாட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காய் வாங்கி வந்து எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அடுப்பில் சாம்பார். ஒரு பையன் வந்து நக்கிப் பார்த்தான். உப்புக் குறைவு. உப்பு டப்பாவைத் தேடப் போனான். அதற்குள் இன்னொருவன் வந்து நக்கினான். உப்புக் குறைவு. அவனும் போனான். பானை என்று ஒன்று கொதித்தால் கரண்டி போடாமல் என் அம்மாவால் இருக்க முடியாது. அவளும் நக்கினாள். பிறகு மூன்று பேரும் ஆளுக்கொரு பிடி போட்டார்கள். அன்று நாங்கள் சாப்பிட்டது கடல் தண்ணீரில் முருங்கைக்காய்.

“இவன் போட்டான்”, “இல்ல, அவன்தான்” என்று பையன்கள் அடித்துக்கொண்டார்கள். அம்மா தன் பங்கைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“யாரு மேலயும் தப்பு இல்லீங்க,” என்றார் அண்ணா. “எல்லாரும் சரியாத்தான் பாத்தீங்க, சரியாத்தான் போட்டீங்க. ஆனா நீங்க பாத்ததுக்கும் போட்டதுக்கும் நடுவுல சாம்பார் மாறிப்போச்சு. எல்லார் கையும் ஒரே பானைக்குள்ள போனா அப்படித்தானுங்க ஆகும்.”

அடுத்த வாரத்திலிருந்து அந்த வீட்டில் சட்டம் வந்தது. பானையில் யாரும் கைவைக்கக் கூடாது. அரை உப்போடு இறக்கிவிட வேண்டும். அவரவர் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவரவர் உப்பைப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா சொன்னாள்: “ஏட்டி, அந்தப் பையன் கிறுக்கன்தான். ஆனா கிறுக்கன் சொல்லுதது நியாயமாத்தான் இருக்கு.”

இப்போது ஆபீசுக்கு வருகிறேன். கல்யாண மண்டபம் பிடித்துக் கொடுக்கும் ஆப் ஒன்றை எங்கள் கம்பெனி நடத்தியது. டெல்லியில் கல்யாண சீசன் என்றால் சும்மா இல்லை. நல்ல நாள் ஒன்று வந்துவிட்டால் ஊரிலுள்ள அத்தனை மாப்பிள்ளைகளும் ஒரே மாலையில் குதிரை ஏறுவார்கள். குதிரைகளே ஒரு கல்யாணத்திலிருந்து அடுத்த கல்யாணத்துக்கு ஓடும். அந்தத் தேதிகளுக்கு புக்கிங் திறந்தால் போதும், ஊரே ஒரே நொடியில் எங்கள் சர்வரின் கதவை இடிக்கும்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் கனடா போய்விட்டார். போகும்போது தன் புத்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைக்கிறேன். மண்டபம், சமையல், பூ, பேண்டு, குதிரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்திருந்தார். எல்லாப் பகுதியும் அதற்குள் கையை விட்டுத் தோன்றியதை மாற்றும். யாரோ ஷாமியானாவின் நிறத்தைச் சிவப்பிலிருந்து மஞ்சளாக்கினால் குதிரை கேன்சல் ஆகும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. குதிரையைச் சரிசெய்தால் ஐஸ்கிரீம் இரட்டிப்பாகும். அதைத் தொடவே எங்களுக்கு நடுக்கம்.

எங்கள் முதலாளி மல்ஹோத்ரா சாப் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய அவசரம் அவருக்கும் உண்டு. ‘ஜல்தி, ஜல்தி’ என்பதுதான் அவருடைய குட்மார்னிங்.

ஒரு நவம்பரில் பஷ்சிம் விஹாரில் ஒரே மண்டபத்தின் வாசலுக்கு இரண்டு மாப்பிள்ளைகள், இரண்டு குதிரைகளில், இரண்டு பேண்டோடு வந்து சேர்ந்தார்கள். இரண்டு குடும்பமும் ஒரே நொடியில் ஆப்பில் பார்த்திருக்கிறது. மண்டபம் காலி என்று இருவருக்கும் காட்டியிருக்கிறது. இருவரும் அமுக்க, இருவருக்கும் ‘முபாரக் ஹோ’ என்று வாழ்த்து மெசேஜ் போயிருக்கிறது. உள்ளே பின்னால் எழுதிய பெயர், முன்னால் எழுதிய பெயரை அழித்துவிட்டது. குதிரைகள் மட்டும்தான் அன்று கண்ணியமாக நடந்துகொண்டன.

“அம்மிணி, அதே சாம்பாருங்க,” என்றார் அண்ணா என்னிடம் மெதுவாக.

முதலாளியிடமும் போய்ச் சொன்னார். முழுவதையும் புதிதாக எழுத வேண்டும் என்றார். “அரே யார், ஓடுற வண்டிக்கு எவனாவது எஞ்சின் மாத்துவானா?” என்று மல்ஹோத்ரா சாப் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, எல்லாவற்றுக்கும் பூட்டுப் போடச் சொன்னார். அதாவது, ஒருவர் ஒன்றைப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் தொட முடியாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாளே சர்வர் சிலையாக நின்றுவிட்டது. ஒருவர் மண்டபத்தைப் பிடித்துக்கொண்டு சமையல்காரருக்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் சமையல்காரரைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குக் காத்திருக்கிறார். இரண்டு பேரும் விடமாட்டார்கள். மற்ற ஊரெல்லாம் பின்னால் வரிசையில் நிற்கிறது. சாயங்காலமே பூட்டுகளை எடுத்துவிட்டுப் பழையபடியே ஓட்ட வேண்டியதாயிற்று.

“எங்க ஃபிளாட்டுல தெனமும் இதுதானுங்க,” என்றார் அண்ணா. “ஒருத்தன் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவான். வாளி இன்னொருத்தன்கிட்ட இருக்கும். வாளியக் குடு வெளிய வர்றேன்னு இவன். நீ வெளிய வா, வாளியத் தர்றேன்னு அவன். ரெண்டு பேருமே குளிக்காம ஆபீஸ் போவாங்க.”

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடுத்த சீசன் வரைதான் நிலைத்தது. அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை டேராடூன்காரர். அவர்களும் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான், பேச்சு மட்டும் சுத்த ஹிந்தி. காலையில் சர்ச், மாலை ஆறரைக்கு மயூர் விஹாரில் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். சொந்தக் கம்பெனி ஆப்பிலேயே, ஸ்டாஃப் என்ற பெருமையோடு புக் செய்தேன். ‘முபாரக் ஹோ’ என்று எனக்கும் மெசேஜ் வந்தது.

அந்த மண்டபத்தின் மேல் அம்மாவுக்கு இருந்த ஆசையை இங்கே சொல்லியாக வேண்டும். வாழ்நாள் முழுக்க அவள் எந்தக் கல்யாணத்திலும் முழுதாக உட்கார்ந்ததில்லை. டியூட்டி நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து ஓடியவள். “ஓம் கல்யாணத்துலதாம்ட்டி ஆற அமர உக்காந்து, யாரு வாரா, யாரு போறான்னு வேடிக்கை பாக்கப் போறேன்” என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். மண்டபத்தில் எந்த நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்றுகூட முன்பே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சிவப்புக் கார்டெல்லாம் அடித்து ஊருக்கு அனுப்பிய பிறகு, மேடைக்குப் பூ சொல்ல மண்டபத்துக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“மேடம், அன்னைக்கு இங்கே குரானா வீட்டுக் கல்யாணம். உங்க பேரே இல்லையே?”

அந்தத் தேதிக்கு டெல்லியில் வேறு ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் காலி இல்லை. அதை உலகத்திலேயே நன்றாக அறிந்தவள் நான். ஆப் எங்களுடையது.

நான் ஆபீசுக்கு அழுதுகொண்டே ஓடினேன். அங்கே எல்லோரும் நல்லவர்கள். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. மல்ஹோத்ரா சாப் தானே டேட்டாபேசுக்குள் இறங்கி குரானா பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டார். உடனே குரானா வீட்டுக்கு ‘உங்கள் புக்கிங் ரத்து’ என்று தானாக மெசேஜ் போனது. அவர்கள் போனில் போட்ட சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே மாடி முழுக்கக் கேட்டது. அதைச் சமாளிக்க, வாடிக்கையாளர் போனை எடுக்கும் பெண் அவர்களைத் துவாரகா பேட்டையில் ஒரு மண்டபத்துக்கு, வேறு தேதியில் மாற்றினாள். அவர்கள் வேண்டாம் என்றதும் திரும்ப இங்கே போட்டாள். இது தெரியாமல் நான் என் பெயரை மறுபடி ஏற்றினேன். வீட்டில் அம்மா மண்டபத்துக்கு போன் போட்டு, “எம் மவளுக்கு இல்லாத மண்டபம் என்ன மண்டபம்! நஹீ சாயியே! கேன்சல் கரோ!” என்று கத்தினாள். மேனேஜர் பயந்து எங்கள் பெயரை எடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த நாள் என் பெயரிலும் இல்லை, குரானா பெயரிலும் இல்லை. இடைவெளியில் காலியாகத் தெரிந்த மண்டபத்தை லக்ஷ்மி நகர் நடனப் பள்ளி ஒன்று ஆண்டு விழாவுக்குப் பிடித்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

“யாரும் கைவெக்காதீங்க!”

அண்ணா மேஜை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். குல்லாய் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அவர் குரல் உயர்ந்து அன்றுவரை யாரும் கேட்டதில்லை. முதலாளி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டார், பள்ளிக்கூடப் பையனைப் போல.

“இனிமே ஒரே வாசல்தானுங்க. இந்த நாற்காலி, இந்த போன். யாருக்கு என்ன வேணுமோ என்கிட்டச் சொல்லுங்க. நீங்களா எதையும் மாத்தாதீங்க. அம்மிணி, உங்கம்மாவுக்கும் சொல்லிப்போடுங்க.”

“மாறவே கூடாதுன்னா கல்யாணம் எப்படிண்ணா நடக்கும்?” என்று அழுதேன்.

“மாறக் கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? மாறுற எடம் ஒண்ணே ஒண்ணா இருக்கோணும். ஒருத்தர் பின்னால ஒருத்தரா வரோணும். அவ்வளவுதானுங்க.”

ஒவ்வொருவரையும் ஒழுங்காகக் கேட்டார். நடனப் பள்ளிக்கு எந்த ஞாயிறும் சரி என்றார்கள், அவர்கள் சந்தோஷமாக வேறு தேதிக்குப் போனார்கள். மிச்சம் இரண்டு குடும்பம். “ரெண்டு பேருக்கும் குடுத்த வார்த்தை குடுத்ததுதானுங்க. அதை அழிக்க முடியாது,” என்று சொல்லிவிட்டு, குரானா வீட்டுப் பெரியவரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். கார்டில் ஏழு மணி என்று போட்டிருக்கிறதே, ஊர்வலம் உண்மையில் எத்தனை மணிக்கு வரும்?

போனில் பெரியவர் வெட்கத்தோடு சிரித்தார். “பேட்டா, டெல்லியிலே கார்டுல ஏழுன்னா மாப்பிள்ளை எட்டரைக்குக் கிளம்பினாலே பெரிசு.” மண்டபம் எப்போது கைக்கு வர வேண்டும்? பூக்காரர்கள் நாலு மணிக்கு நுழைந்தால் போதும்.

கனடாக்காரர் எழுதிய புரோகிராமில் மண்டபம் என்றால் முழு நாள். ஒரு நாளை இரண்டாகப் பிரிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ரிசப்ஷன் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை, அவர்கள் கல்யாணம் நாலிலிருந்து விடிய விடிய. மண்டபம் கிடைத்துவிட்டது. நான் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். “கைவெக்காதீங்க அம்மிணி,” என்று கூச்சத்தோடு விடுவித்துக்கொண்டார்.

அடுத்த சண்டை அம்மாவோடு. மிச்சமிருந்த சிவப்புக் கார்டுகளில் ஆறரையைப் பேனாவால் அடித்து, மேலே பன்னிரண்டு என்று எழுத உட்கார்ந்துவிட்டாள்.

“அடிச்சு எழுதாதீங்கம்மா. பாக்கறவங்களுக்கு எது பழசு, எது புதுசுன்னு குழப்பமாயிரும். புதுசாவே அடிங்க. வேற நெறத்துல,” என்றார் அண்ணா.

“எல்லாத்தையும் புதுசு புதுசா செய்யச் சொல்லுதியே, ஓங்க அப்பா என்ன பிரஸ்ஸா வச்சிருக்காவ?” என்று அம்மா எகிறினாள். ஆனாலும் பச்சைக் கார்டு அடித்தாள்.

அதே மாதத்தில் மல்ஹோத்ரா சாப், “ஜோ கர்னா ஹை கரோ, உன் இஷ்டம்” என்று புக்கிங் பகுதியை அண்ணாவிடம் ஒப்படைத்தார். அவர் எழுதியதில் பழைய நிலையை யாரும் அழிப்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கையும் முந்தைய நிலையை வாங்கி, புதிய நிலை ஒன்றைச் செய்து கொடுக்கும். அதை ஏற்றும் வாசல் ஒன்றே ஒன்று. நீங்கள் பார்த்த பிறகு உள்ளே ஏதாவது மாறியிருந்தால், ‘நீங்க பாத்தது பழசுங்க, மறுபடி பாருங்க’ என்று வாசலே பணிவாகத் திருப்பி அனுப்பிவிடும். மற்ற வேலைகளெல்லாம் சின்னச் சின்னதாக, ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல் ஒரே நேரத்தில் ஓடும். புக்கிங் திறந்த அன்று ஊரே வந்து இடித்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். ஒரு மாப்பிள்ளைகூட இன்னொரு மாப்பிள்ளை மேல் மோதவில்லை. ஷாமியானாவின் நிறத்தை மாற்றினேன், குதிரை அசையவில்லை. முதலாளி ஆபீசுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

என் கல்யாணம் பனி மூட்டத்தில் விடிந்தது. சர்ச்சும் சரி, மத்தியானச் சாப்பாடும் சரி, மணி அடித்தாற்போல நடந்தன. ஒரே ஒரு குறை. என் தாய்மாமா வரவில்லை. நாக்பூரில் மகள் வீட்டில் இருந்தவர், அங்கிருந்து ரயில் ஏறியிருந்தார். பனியில் ரயில் எங்கோ நின்றுவிட்டது, போனும் அணைந்துவிட்டது. பச்சைக் கார்டு பாளையங்கோட்டையில் பூட்டிய வீட்டுக்குள் கிடந்தது. நேரம் மாறியதைச் சொல்ல அம்மா போன் செய்தபோதெல்லாம், “கார்டு எங்கிட்ட இருக்குக்கா, நேரம் எனக்குத் தெரியாதா?” என்று வைத்துவிடுவார். அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. தம்பியைத் தேடி வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஆசைப்பட்ட கல்யாணத்தையும் அவள் நின்றுகொண்டேதான் பார்த்தாள்.

மூன்றரைக்கு நாங்கள் கிளம்பினோம். அண்ணா கிளம்பவில்லை.

“புதுக் கார்டு போட்டுட்டோம்னு பழைய கார்டு மறைஞ்சு போயிராதுங்க அம்மிணி. அது யாரோ ஒருத்தர் பையில இருக்கும். ஆறரைக்கு நம்பி வருவாங்க. யாராச்சும் வாசல்ல நிக்கோணும்.”

குளிரில் மங்கி குல்லாயோடு நின்றார். அந்த டெல்லிக் குளிரில்தான் முதல்முறையாக அந்தக் குல்லாய் பொருத்தமாக இருந்தது. சிவப்புக் கார்டோடு வந்த அம்மாவின் பழைய ஆஸ்பத்திரித் தோழிகளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மாமா மட்டும் தப்பிவிட்டார். அவர் ஸ்டேஷனிலிருந்து பெட்டியோடு நேராக வந்து இறங்கிய நேரம், குரானா வீட்டு மாப்பிள்ளையின் ஊர்வலமும் வாசலுக்கு வந்தது. பேண்டு முழங்க, யாரோ மாமாவின் தலையில் ரோஸ் நிறத் தலைப்பாகையைக் கட்டி உள்ளே இழுத்துப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீடு ஹிந்திக்காரர்கள் என்று அம்மா சொல்லியிருந்ததால் மாமாவுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆடினார். ஊரிலிருந்து தூக்கி வந்த இட்லிக் கொப்பரையையும் அல்வாப் பெட்டியையும் குதிரையிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் கையில் கொடுத்து, தலையில் கைவைத்து மனதார ஆசீர்வதித்தார்.

அண்ணா அவரைக் கண்டுபிடித்தது சோலே பட்டூரா தட்டோடு. உடனே எங்களுக்கு போன் வந்தது. கல்யாணப் புடவையை மாற்றாமலேயே நானும் என்னவரும் அம்மாவும் ஓடினோம்.

விஷயம் தெரிந்ததும் மாமா தலைப்பாகையோடு தேம்பித் தேம்பி அழுதார். “தாய்மாமன் நானு. கல்யாணத்தையும் விட்டுட்டேன். கையில இருந்த ஆசீர்வாதத்தையும் எவனுக்கோ குடுத்துட்டனே! அதப் போயித் திருப்பி வாங்கிட்டு வந்துருதேன்” என்று எழுந்தே விட்டார்.

அண்ணா அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

“குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டுங்க மாமா. அந்தப் பையனும் நல்லா இருக்கோணுமில்ல? இவங்களுக்குப் புதுசா ஒண்ணு குடுங்க. உங்ககிட்ட என்ன, தீந்தா போச்சு?”

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். குரானா வீட்டுப் பெரியவர் விஷயம் கேட்டுப் பேண்டை நிறுத்தச் சொன்னார். எங்கள் இருவர் தலையிலும் கைவைத்து, மாமா பாளையங்கோட்டைத் தமிழில் நெடுநேரம் ஜெபித்தார். சுற்றி நின்ற அத்தனை பஞ்சாபிகளும் ஒரு வார்த்தை புரியாமல் கைகூப்பி நின்றார்கள். முடிந்ததும் பேண்டு முன்னைவிடச் சத்தமாக முழங்கியது. என்னவரை ஆட இழுத்துக்கொண்டு போனார்கள். அல்வாவை எல்லோரும் பங்கு போட்டுத் தின்றார்கள்.

அம்மா முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரானா அம்மா தட்டை நிரப்பி நிரப்பிக் கொடுக்க, ஆற அமர, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வாசலில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்த குல்லாய்க்காரரைக் காட்டி குரானா அம்மா கேட்டார், மத்தியானத்திலிருந்து சாப்பிடாமல் நிற்கிறாரே, அவர் பெண்ணுக்கு அண்ணனா என்று. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

“ஹாங் ஜி,” என்றாள் அம்மா, தட்டிலிருந்து நிமிராமலே. “மேரா படா பேட்டா.” என் மூத்த பிள்ளை.

இந்தக் கல்யாணத்தைப் பற்றி யார் கேட்டாலும் நானும் அவரை என் அண்ணன் என்றுதான் சொல்கிறேன்.